ஸ்டீம் அயர்ன் வாங்குவதா, வேண்டாமா? ஒரு 750 வாட் பெட்டியும் பதினெட்டு காட்டன் புடவைகளும்

எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குப் பதினாறு வயசு ஆகிறது. 750 வாட். தண்ணீர்த் தொட்டி, நீராவி எதுவும் கிடையாது, வெறும் ட்ரை அயர்ன். வயர் ஒரு தடவை மாற்றியாச்சு. சிவப்பு விளக்கு எரிவது நின்று நாலு வருஷம் ஆகிறது. உள்ளே கேட்கிற ‘டிக்’ சத்தத்தை வச்சுத்தான் சூடு ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்கிறோம். மற்றபடி வேலை செய்கிறது. உடைந்துபோன பொருளை மாற்ற யோசிக்கவே வேண்டாம். வேலை செய்கிற பொருளை மாற்றுவதா என்பதில்தான் குழப்பம்.

கேள்வி வந்த விதம் இது. பொங்கலுக்கு முன்னால் பீரோவை ஒழித்தபோது அம்மாவின் காட்டன் புடவைகள் பதினெட்டு, மடித்த மடிப்பிலேயே பழுப்புக் கோடு விழுந்து கிடந்தன. சுங்குடி, கண்டாங்கி, கோவை காட்டன், இரண்டு வெங்கடகிரி. அம்மா முப்பத்தொரு வருஷம் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். கஞ்சி போட்டுத் தேய்த்த காட்டன் புடவை இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், இரண்டு வருஷமாக வீட்டில் நைட்டி, வெளியே கிளம்பினால் சிந்தெடிக் புடவை. கேட்டேன்.

“தோள்பட்டை வலிக்குதுடா. ஒரு பொடவ தேய்க்க அரை மணி ஆவுது. இதுன்னா உதறிக் கட்டிக்கிட்டுப் போயிடலாம்.”

இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் கவனிக்காத குற்ற உணர்ச்சியில் அன்று ராத்திரியே போனில் ஸ்டீம் அயர்ன் தேட ஆரம்பித்தேன். நம் காலத்தில் குற்ற உணர்ச்சி இப்படித்தான் வேலை செய்கிறது: முதலில் விலை பார்க்கும். பன்னிரண்டு மணி வரைக்கும் பார்த்தேன். பிறகு வாங்காமல் படுத்துவிட்டேன். அடுத்து வந்த ஒரு மாதத்தில் படித்தது, கணக்குப் போட்டது, இரவல் வாங்கித் தேய்த்துப் பார்த்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு.

அட்டைப்பெட்டி சொல்வதும் சொல்லாததும்

இஸ்திரிப் பெட்டி விற்பவர்கள் பெரிசாக அச்சடிக்கிற எண் வாட். அடுத்தது நிமிஷத்துக்கு இத்தனை கிராம் நீராவி. பிறகு அடித்தட்டின் பூச்சுக்கு ஒரு பெயர்: செராமிக், டைட்டானியம், ஏதோ ஒரு ‘கோல்டு’. எடை எவ்வளவு, அடித்தட்டின் பரப்பு எவ்வளவு, வயர் எத்தனை மீட்டர் என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது. நான் பார்த்த வரைக்கும் விமர்சன வீடியோக்களும் இதே வரிசையில்தான் போகின்றன. கேமராவுக்கு முன்னால் பொத்தானை அமுக்கினால் புஸ்ஸென்று ஆவி வருகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. ஆவி வருவதைக் காட்டுவது வேறு, துணி நேராவதைக் காட்டுவது வேறு. மெல்லிசான டி-ஷர்ட் ஒன்றைத் தேய்த்துக் காட்டிவிட்டு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார்கள். கஞ்சி போட்ட ஐந்தரை மீட்டர் காட்டன் புடவையைத் தேய்த்துக் காட்டிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

முதலில் வாட். இந்தியாவில் விற்கிற பெட்டிகள் பெரும்பாலும் 750, 1000, 1250 என்று நிற்பதற்குச் சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். படுக்கையறையில் இருக்கிற சின்ன சாக்கெட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட். 1000 வாட் பெட்டி 4.3 ஆம்பியர் இழுக்கும், 1250 வாட் 5.4. அதுவரைக்கும் சரி. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கிற 2400 வாட் பெட்டி 10 ஆம்பியருக்கு மேலே இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். நம் வீடுகளில் அது இருப்பது ஏ.சி பக்கத்தில், சமையலறையில், அல்லது பாத்ரூம் ஹீட்டருக்கு. எங்கள் மச்சான் வீட்டில் அப்படி ஒரு பெட்டி வந்து, அவர் பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அடாப்டர் மாட்டி 6 ஆம்பியரில் சொருகுவது என்பது சாக்கெட்டை உருக்குவதற்கான வழி.

மின்சாரச் செலவு? அது ஒரு வாதமே இல்லை. 1000 வாட் பெட்டி நிறுத்தாமல் அரை மணி ஓடினால் அரை யூனிட். தெர்மோஸ்டாட் நடுநடுவே நிறுத்துவதால் அதிலும் குறைவு. கரண்ட் மிச்சமாகும் என்று யாராவது புதுப் பெட்டி விற்க வந்தால் பேச்சை மாற்றிவிடலாம்.

துணி எப்படி நேராகிறது

1882ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி மின்சார இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு பெட்டி எவ்வளவோ மாறியிருக்கிறது, பருத்தி மாறவில்லை. அதனால் பருத்தியிலிருந்து தொடங்குவதுதான் முறை.

பருத்தி என்பது செல்லுலோஸ். நீளமான சங்கிலி மூலக்கூறுகள். அந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். துவைக்கும்போது தண்ணீர் இழைக்குள் புகுந்து இந்தப் பிணைப்புகளில் பலவற்றை அவிழ்த்துவிடுகிறது. காயும்போது அவை திரும்பக் கட்டிக்கொள்கின்றன, ஆனால் அந்த நேரத்தில் துணி எப்படிக் கசங்கியிருந்ததோ அதே வடிவத்தில். சுருக்கம் என்பது இதுதான். அப்படியானால் சுருக்கத்தை எடுக்க என்ன செய்ய வேண்டும்? தண்ணீரைத் திரும்ப உள்ளே அனுப்பிப் பிணைப்புகளை அவிழ்க்க வேண்டும், துணியை நேராக வைத்து அழுத்த வேண்டும், அப்படியே அழுத்தத்தில் இருக்கும்போதே காயவைக்க வேண்டும். கடைசி வார்த்தை முக்கியம். பாதி காய்ந்ததும் மடித்து வைத்தால் மடிப்பிலேயே திரும்பச் சுருங்கும்.

பாலியெஸ்டர் வேறு ஜாதி. அது தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8 சதவீதம் வரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. அது நேராவது சூட்டினால் மட்டுமே. 70–80 டிகிரி தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், கொஞ்சம் அமுக்கினால் போதும். 250 டிகிரிக்கு மேல் உருகியே போய்விடும். சட்டைக் காலரில் இருக்கிற லேபிளில் ஒரு புள்ளி போட்டிருந்தால் சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 என்பது இதற்காகத்தான். அம்மா சொன்ன “உதறிக் கட்டிக்கலாம்” என்பதன் ரசாயனமும் இதுவே. சிந்தெடிக் புடவை துவைக்கும்போது தண்ணீரைக் குடிக்கவில்லை, அதனால் கசங்கவும் இல்லை. சித்திரை மாசத்து வியர்வையையும் அது குடிக்காது என்பது தனிக் கதை. அம்மாவின் கழுத்தோரம் வேர்க்குரு வந்ததை வெயில் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ஸ்டீம் அயர்ன் செய்வது என்ன என்று பார்க்கலாம். தண்ணீரைத் துணிக்குள் அனுப்புகிற வேலையை அது எடுத்துக்கொள்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் கணக்கு இருக்கிறது.

30 டிகிரி தண்ணீர் ஒரு கிராமை 100 டிகிரிக்குச் சூடாக்கி ஆவியாக்க 2550 ஜூல் தேவை. நிமிஷத்துக்கு 20 கிராம் ஆவி என்றால் 51,000 ஜூல். அறுபதால் வகுத்தால் 850 வாட். அதாவது, 1250 வாட் ஸ்டீம் பெட்டியில் ஆவியை முழுசாகத் திறந்துவிட்டால் 850 வாட் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கே போய்விடுகிறது. தட்டைச் சூடாக வைத்திருக்க மிச்சம் 400 வாட். 1250 என்று நம்பி வாங்குகிறவர் கையில் பிடித்திருப்பது அந்த நேரத்துக்கு ஒரு 400 வாட் பெட்டி. ஆவி துணியில் படிந்து நீராகும்போது அந்தச் சூடு துணிக்குத்தானே போகிறது என்று கேட்கலாம். போகிறது, மறுக்கவில்லை. ஆனால் படிந்த அந்த நீரைத் திரும்ப விரட்டினால்தான் துணி காயும், அதற்கு மறுபடியும் சூடு வேண்டும். பெட்டி ஒரே தண்ணீரை இரண்டு தடவை ஆவியாக்குகிறது.

கையால் தெளித்த தண்ணீரை ஒரு தடவை ஆவியாக்கினால் போதும்.

அம்மா செய்வது அதுதான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் புடவையை விரித்து, சொம்பில் கையை விட்டு உதறித் தண்ணீர் தெளித்து, இறுக்கமாகச் சுருட்டி, ஒரு துண்டில் சுற்றி வைத்துவிடுவார். காலையில் தேய்ப்பார். சின்ன வயசில் இதை ஏதோ சடங்கு என்று நினைத்திருக்கிறேன். ராத்திரி முழுக்க ஈரம் ஒரே சீராக எல்லா இழைக்கும் போய்ச் சேர்கிறது. ஸ்டீம் அயர்ன் ஒரு இடத்தைத் தாண்டுகிற இரண்டு மூன்று நொடியில் செய்ய வேண்டியதை இது எட்டு மணி நேரத்தில் செய்கிறது. கஞ்சி போட்ட துணிக்கு இது இன்னும் முக்கியம். காய்ந்து விறைத்த கஞ்சியை இளக்க மேலோட்டமான ஆவி போதாது. (ஒரு ராத்திரிக்கு மேல் வைக்கக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மறுநாள் சாயங்காலமே வாடை வரும், அடுத்த நாள் கரும்புள்ளி.)

அப்படியானால் பழைய பெட்டியே போதுமா?

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. மேலே எழுதியதை வைத்துப் பார்த்தால், ஸ்டீம் வேண்டாம், பழைய 750 வாட்டே போதும் என்று முடித்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அதே கணக்கைப் புடவைக்குப் போட்டேன். அரை கிலோ புடவை, முப்பது சதவீதம் ஈரம் என்றால் 150 கிராம் தண்ணீர். அதை ஆவியாக்க 3,82,500 ஜூல். 750 வாட் பெட்டி ஒரு துளி சூட்டைக்கூடக் காற்றில் விடாமல் கொடுத்தாலும் எட்டரை நிமிஷம். 1000 வாட்டுக்கு ஆறரை நிமிஷத்துக்குள். நிஜத்தில் பெட்டியின் சூட்டில் நல்ல பங்கு காற்றுக்கும் கீழே விரித்த போர்வைக்கும் போகிறது, அதனால் இரட்டிப்பு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மடிக்கிறது, திருப்புகிறது, பெட்டி சூடாகிறதற்குக் காத்திருக்கிறது. அம்மா சொன்ன அரை மணி மிகை இல்லை. ஈரத் துணியில் பாதிப் புடவை போனதும் பெட்டி ஆறிவிடுகிறது. ஆறின பெட்டியை என்ன செய்வோம்? அமுக்குவோம். தோள்பட்டை வலி அங்கேதான் இருக்கிறது.

அமுக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பெட்டியைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 800 கிராம். அடித்தட்டைப் பேப்பரில் வரைந்து கட்டம் எண்ணியதில் சுமார் 160 சதுர சென்டிமீட்டர். ஆக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிராம். தன் எடையால் அது எதையும் அழுத்துவதில்லை, அழுத்துவது முழுக்க கை. ‘லைட் வெயிட்’ என்று அட்டையில் பெருமையாகப் போடுகிறார்களே, அதன் அர்த்தம் எடை உங்கள் கைக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்பதுதான்.

எங்கள் தெருமுனையில் வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். கரிப் பெட்டிதான் இன்னமும். லக்கேஜ் எடை பார்க்கிற கொக்கித் தராசைக் கொண்டுபோனதும் சிரித்தார், ஆனால் கொடுத்தார். கரியோடு ஆறரை கிலோ. தட்டும் பெரிசு, சதுர சென்டிமீட்டருக்கு முப்பது கிராம் பக்கம் வருகிறது. எங்கள் பெட்டியைப் போல ஆறு மடங்கு. அவர் அமுக்கவே இல்லை, தள்ளத்தான் செய்கிறார். துணி மாற்றும்போது தூக்கி நிறுத்துவதும் கிடையாது; பக்கத்தில் இருக்கிற இரும்புத் தாங்கிக்கு நகர்த்துகிறார். தூக்காத எடை தோளுக்குத் தெரியாது.

இன்னொன்று சூட்டின் இருப்பு. எங்கள் பெட்டியின் அலுமினியத் தட்டு அரை கிலோ என்று வைத்தால், நூறு டிகிரி ஆறுவதற்குள் அது துணிக்குக் கொடுக்கக்கூடியது 45,000 ஜூல். ஆறு கிலோ இரும்பு அதே நூறு டிகிரிக்கு 2,76,000 ஜூல் வைத்திருக்கிறது, உள்ளே கரி கனன்றுகொண்டே இருப்பது தனி. ஈரத் துணியின் மேல் வைத்தாலும் அசராது. அவரிடம் நீராவி இல்லை, தெர்மோஸ்டாட் இல்லை. தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள் இருக்கின்றன. நாலு போர்வை கனத்துக்கு மெத்தை இருக்கிறது, இடுப்பு உயரத்துக்கு மேஜை இருக்கிறது. கடைக்காரர் தேய்த்தது மாதிரி வீட்டில் வரவில்லையே என்று நாம் சொல்வதற்குக் காரணம் இவ்வளவும்தான்.

அவரைப் புனிதமாக்கிவிடவும் வேண்டாம். கரிப்பொறி பட்டு என் சட்டை ஒன்றில் ஊசித் துளை விழுந்திருக்கிறது. சூடு பார்க்கப் பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோகிற முறைக்கு சில்க் புடவையை நம்பிக் கொடுக்க அம்மா தயாரில்லை. “பொடவைக்கு ரேட்டு ஏத்திட்டாரு” என்பது இன்னொரு காரணம். ஏற்றாமல் என்ன செய்வார், ஒரு புடவை நேரத்தில் மூன்று சட்டை தேய்த்துவிடலாம்.

இரவல் வாங்கியது

கணக்கு மட்டும் போட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை என்று, ஆபீஸ் நண்பரிடம் 1250 வாட் ஸ்டீம் அயர்ன் ஒன்றை இரண்டு வாரம் இரவல் வாங்கினேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். கம்பளி கலந்த பேண்ட், பாலி-காட்டன் சட்டை, லினன், இவற்றில் பழைய பெட்டி பக்கத்தில் நிற்க முடியாது. கறுப்பு பேண்ட்டில் ட்ரை அயர்ன் ஏற்படுத்துகிற அந்தப் பளபளப்பு ஸ்டீமில் குறைவாகவே வந்தது. (இதற்கும் பழைய வைத்தியம் உண்டு: மேலே ஈரத் துணி போட்டுத் தேய்ப்பது. ஆனால் யார் செய்கிறார்கள்.) காலையில் எட்டு மணிக்கு ஒரே ஒரு சட்டை என்றால் ஸ்டீம்தான். முந்தின ராத்திரி தெளித்துச் சுருட்டி வைக்கிற பழக்கம் இல்லாதவருக்கு அது ஒரு வரம். என்னைப் போல ஆபீஸ் போகிற தனி ஆளாக இருந்தால் வாங்குங்கள், தயங்க வேண்டாம்.

புடவைக்கு வருவோம். காய்ந்த கஞ்சிப் புடவையை ஸ்டீம் மட்டும் வைத்துத் தேய்த்தேன். மேல் பக்கம் வழவழப்பாக வந்தது, மடித்து வைத்த அரை மணியில் பழைய சுருக்கம் மெலிசாகத் திரும்பியது. சூட்டைக் குறைத்து வைத்தபோது ஆவிக்குப் பதிலாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் துப்பியது. தட்டு போதுமான சூட்டில் இல்லையென்றால் எந்த ஸ்டீம் பெட்டியும் துப்பும். நாலாவது புடவையில் ஆவித் துளைகளைச் சுற்றிக் கஞ்சி பழுப்பாகப் படிந்தது. ட்ரை அயர்ன் என்றால் ஈரத் துணியால் ஒரு இழுப்பு. இதில் துளைத் துளையாகச் சுரண்ட வேண்டியிருந்தது, அதுவும் இரவல் பொருள், பூச்சு கீறிவிடுமோ என்ற பயத்தோடு.

பெரிய பிரச்சனை தரைதான். அம்மா தரையில் போர்வை மடித்துப் போட்டுத்தான் தேய்ப்பார். ஆவி துணியைத் தாண்டிப் போர்வைக்குள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் போர்வையே ஈரமாகிவிட்டது. ஈரப் போர்வையின் மேல் எந்தத் துணியும் காயாது. வெளிநாட்டு வீடுகளில் பார்க்கிற அயர்னிங் போர்டுக்கு அடியில் கம்பி வலை இருப்பது அழகுக்கு இல்லை, ஆவி கீழே இறங்கிப் போவதற்கு. ஸ்டீம் அயர்ன் என்பது பெட்டியும் போர்டும் சேர்ந்த ஒரு ஜோடி. பெட்டியை மட்டும் வாங்குவது பாதி வாங்குவது. எந்த அட்டையிலும் இதை எழுதக் காணோம்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். தாம்பரம் பக்கம் போர் தண்ணீர் குடிக்கிற எவருக்கும் தெரியும், குக்கர் அடியில் வெள்ளையாகப் படிகிற அது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ் 10500 கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது, வேறு வழியில்லையென்றால் 600 வரை. லிட்டருக்கு 500 என்று வைத்தால், 200 மில்லி தொட்டி ஒரு தடவை காலியாகும்போது 0.1 கிராம் சுண்ணாம்பு உள்ளே நிற்கும். வாரம் இரண்டு தடவை நிரப்பினால் வருஷத்துக்குப் பத்து கிராம். பெட்டிக்குள் இருக்கிற ஆவி அறை எவ்வளவு சின்னது என்று பார்த்தால் பத்து கிராம் பயங்கரம். வெள்ளைச் சட்டையில் பழுப்புத் துணுக்குகள் வந்து விழுவது இதனால்தான். ஆர்.ஓ தண்ணீர் ஊற்றினால் தப்பிக்கலாம். ஆனால் அவசரத்தில் யார் பக்கத்துக் குழாயைத் திறக்காமல் இருப்பார்கள்?

மனைவி சொன்னது

இத்தனையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஒரு பேப்பரில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “பெட்டிய மாத்துறதுக்கு முன்னாடி தேய்க்கிற ஆள மாத்திப் பாருங்களேன்.”

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983ல் எழுதிய ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்ற புத்தகத்தை நான் படித்திருக்கிறேன், இந்த வலைப்பதிவிலேயே அதை மேற்கோள் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன். அமெரிக்க வீடுகளுக்குள் வந்த அடுப்பும் சலவை இயந்திரமும் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளைத்தான் பெரும்பாலும் ஒழித்தன, அம்மாவின் வேலை குறையவில்லை என்பது அவர் வாதம். விறகு வெட்டுகிற வேலை போனது, சமைக்கிற வேலை அப்படியே நின்றது. வெளியே சலவைக்குப் போய்க்கொண்டிருந்த துணி, இயந்திரம் வந்ததும் வீட்டுக்குத் திரும்பி வந்து அம்மாவின் தலையில் விழுந்தது. இதை அமெரிக்காவைப் பற்றிய செய்தியாகப் படித்து ரசித்தவன், அறுபத்தெட்டு வயசு அம்மாவுக்கு எந்தப் பெட்டி சுலபமாக இருக்கும் என்று ஒரு மாதம் ஆராய்ந்துகொண்டிருந்தேன். என் ஆபீஸ் சட்டைகளையும் அவர்தான் தேய்த்துக்கொண்டிருந்தார் என்பதை இந்தக் குறிப்பில் இவ்வளவு தூரம் வரைக்கும் நான் எழுதவில்லை, கவனித்தீர்களா. மறைக்க நினைக்கவில்லை. தோன்றவே இல்லை.

என்ன செய்தோம்

ஸ்டீம் அயர்ன் வாங்கவில்லை. நண்பருடையதை வினிகர் ஊற்றியெல்லாம் சுத்தம் பண்ணாமல், கையேட்டில் சொன்னபடி சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தேன்.

1000 வாட் ட்ரை அயர்ன் ஒன்று, ‘ஹெவி வெயிட்’ என்று விற்கிறார்களே, அது வாங்கினோம். தராசில் 1.8 கிலோ. எடை பார்க்காமல் வாங்கக் கூடாது என்று கடையிலேயே மூன்று பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றில் மேல்மூடி மட்டும் பெரிசு, தட்டு பழைய கனம்தான். ஐ.எஸ்.ஐ முத்திரையும் ஐ.எஸ் 366 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்தேன், அது மின்சார இஸ்திரிப் பெட்டிக்கான தரம். ஸ்டீம் பெட்டிக்கு ஒதுக்கின பணத்தில் பாதிக்கும் கொஞ்சம் மேலே ஆச்சு. மிச்சத்தில் ஒரு ஸ்ப்ரே பாட்டில், இரண்டு கம்பளி, அவற்றுக்கு மேலே போட ஒரு வெள்ளைக் காடாத் துணி. தரையை விட்டாச்சு. சாப்பாட்டு மேஜை இடுப்புக்குச் சரியாக வருகிறது. பெட்டியைத் தூக்கி நிறுத்தாமல் நகர்த்தி வைக்கப் பழைய கருங்கல் பலகைத் துண்டு ஒன்று.

பட்டியல் போட்டால் இதில் அதிக வித்தியாசம் செய்தது பெட்டி இல்லை, மேஜை. அடுத்தது கம்பளி. பெட்டி மூன்றாவதுதான். பழைய 750 வாட்டையே மேஜையில் வைத்து ஒரு புடவை தேய்த்துப் பார்த்தேன், தரையில் ஆனதைவிட நன்றாகவே வந்தது; பாதியில் ஆறியதென்னவோ வாஸ்தவம். கையில் காசு இல்லையென்றால் மேஜையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தேய்ப்பது நான். சனிக்கிழமை ராத்திரி தண்ணீர் தெளிக்கிற வேலையை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. நான் தெளித்தால் குட்டை குட்டையாக விழுகிறதாம். ஞாயிறு காலை மூன்று புடவை, என் சட்டை ஐந்து. முதல் வாரம் முந்தானையில் ஓரம் இழுத்து, கரை பாம்பு மாதிரி வளைந்துபோனது. நூல் போகிற போக்கில் தள்ள வேண்டுமாம், குறுக்கே இழுக்கக் கூடாதாம். இதெல்லாம் எந்த வீடியோவிலும் இல்லை. இப்போது ஒரு புடவைக்கு இருபது நிமிஷம் ஆகிறது, என் கையில். அம்மா ஒரு காலத்தில் பதினைந்தில் முடிப்பாராம். நம்புகிறேன்.

பதினெட்டில் ஏழு புடவை தேறியது. நாலு மடிப்பிலேயே இற்றுப்போய்விட்டது. மிச்சம் இன்னும் கஞ்சிக்குக் காத்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை மஞ்சள் சுங்குடியைக் கட்டிக்கொண்டு பாங்கில் லைஃப் சர்டிஃபிகேட் விஷயமாகப் போய்விட்டு வந்தார். பழைய மாணவி ஒருத்தி கவுன்ட்டரில் இருந்தாளாம். சொல்லிக்கொண்டே கொசுவத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, “இங்க பாருடா, உள்பக்கம் ஈரத்தோடவே மடிச்சிருக்க” என்றார்.

புதுப் பெட்டியின் வயர் ஒன்றரை மீட்டர்தான். மேஜைக்கு எட்டவில்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட எனக்குப் பிடிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வருகிற ஞாயிறு வந்து மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பாயிண்ட் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.